ஷூவுக்குள் கிடந்த பகடை

இதை எழுத எனக்குப் பெரிய தகுதி எதுவும் இல்லை. பத்தாவது வரைதான் படித்தேன், அதையும் இரண்டு தடவை எழுதித்தான் பாஸானேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவன். ஆனால் மருத்துவமனையில் எனக்குக் கட்டு மாற்றிய சிஸ்டர், "நீங்க சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க, சக்கரைக்காரங்க நாலு பேரு படிக்கட்டும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கால் என்ன ஆயிற்று என்பதை முதலிலேயே சொல்லாமல், நடந்த வரிசையில் சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் நான் செய்தது விளங்கும்.

என் பெயர் ஏழுமலை. வயது ஐம்பத்திரண்டு. திண்டிவனத்துக்கு வெளியே ஓர் எடை மேடையில் வேலை. லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும், கணினியில் எடை வரும், சீட்டு அடித்துக் கொடுப்பேன். நெல், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, கருங்கல் ஜல்லி என்று வரும். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் சில நாள் ஒரு மணி நேரம்கூட வேலை இருக்காது. தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன். அது எனக்குப் பிடிக்கும்.

அங்கே வாரம் இரண்டு முறை லோடு கொண்டு வருகிறவர் காதர் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். அவர்தான் என் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். "சும்மா ரீல்ஸ் பாத்துக்கினு கண்ணக் கெடுத்துக்காதீங்கண்ணே. இது படிக்கிற ஆட்டம். நாங்க அங்க லேபர் கேம்ப்புல நாலு பேரு ஒரே போன வச்சிக்கினு ஆடுவோம். என் இங்கிலீஷெல்லாம் இதுல வந்ததுதான்" என்றார்.

விளையாட்டு இப்படி. முன்பு அது வெளிநாட்டில் புத்தகமாக வந்ததாம். கதையில் வரும் வீரன் நீங்கள்தான். குகை, கோட்டை, சூனியக்காரன் என்று போகும். பக்கத்தின் முடிவில், கதவைத் திறந்தால் இந்தப் பக்கத்துக்குப் போ, திரும்பி நடந்தால் அந்தப் பக்கத்துக்குப் போ என்று இருக்கும். சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் என்று ஓர் எண் இருக்கும், அடிபட்டால் குறையும். இப்போது அதையெல்லாம் போனில் போட்டிருக்கிறார்கள். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் எடுத்துப் படிப்பேன். வீட்டில் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் பூதத்தோடு சண்டை போடுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

காதர் பாய் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். புத்தகமாக இருந்த காலத்தில் எல்லோரும் விரலைப் பழைய பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தை எட்டிப் பார்ப்பார்களாம். கதையில் செத்துப் போனால் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுவார்களாம். போனில் அதற்கென்றே அடையாளம் வைக்கும் வசதி இருக்கிறது. நான் எட்டிப் பார்க்காமல் ஒரு கதவையும் திறந்ததில்லை.

போன் உருட்டும் பகடை எனக்கு எப்போதும் ஒன்றும் இரண்டுமாகவே விழுந்தது. நாமே உருட்டி எண்ணைப் போடவும் அதில் வழி உண்டு. அதனால் கடையில் ஒரு லூடோ டப்பா வாங்கி, பகடையை மட்டும் மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன்.

மேடையில் இறங்கி லாரியைப் பார்க்கப் போகும்போது ஷூ போட வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. உட்கார்ந்திருக்கும்போது கழற்றி மேசைக்கு அடியில் விட்டுவிடுவேன். ஒரு திங்கட்கிழமை, பாலத்தில் நின்ற காவல்காரனோடு சண்டை போட உருட்டினேன். பகடை மேசையை விட்டு விழுந்தது. தேடினேன், கிடைக்கவில்லை. அதற்குள் லாரி ஹாரன் அடித்தது. ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அன்று சாயங்காலம் அந்த ஷூவோடுதான் வீட்டுக்குப் போனேன். மறுநாளும் அதைத்தான் போட்டேன். அதற்கும் மறுநாளும். இடையில் காதர் பாய்க்குப் போன் செய்து, பகடை தொலைந்துவிட்டது என்று புலம்பினேன். பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினேன்.

புதன்கிழமை மத்தியானம் ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் ஈரமாக இருந்தது. ஷூவை உதறினால் பகடை விழுந்தது. வெள்ளைப் பகடை, ஒரு பக்கம் சிவப்பு. இடது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே சதை தடித்திருக்கும் இடத்தில், சதுரமாக ஒரு குழி. தோல் கிழிந்து உள்ளே வெளுத்திருந்தது. வலி இல்லை. துளிகூட இல்லை.

பகடையைக் கழுவி உருட்டினேன். ஐந்து விழுந்தது. காவல்காரன் விழுந்தான், பாலத்தைத் தாண்டினேன். அதை எழுதும்போது இப்போது கை கூசுகிறது.

எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. கால் மரத்துப் போக ஆரம்பித்து நாலைந்து மாதம் இருக்கும். ஒருநாள் சந்தைமேட்டில் செருப்பு ஒன்று கழன்று விழுந்ததே தெரியாமல் பத்தடி நடந்துவிட்டேன். பின்னால் வந்தவர் கூப்பிட்டுக் கொடுத்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் புண்ணையும் சொல்லவில்லை. மஞ்சள் வைத்தேன், பிளாஸ்டர் ஒட்டினேன், சாக்ஸோடு படுத்தேன். ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் குளிர் தூக்கிப் போட்டது. என் மனைவி செல்வி போர்வையை இழுத்து மூட வந்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னாங்க இது நாத்தம்? எலி செத்த மாதிரி."

சாக்ஸை அவளே உருவினாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்திருந்தன. பாதம் கணுக்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது.

"எப்பலேர்ந்து மறைச்சிக்கினு இருக்கிற நீ?" என்றாள். கோபம் வந்தால்தான் என்னை நீ என்பாள்.

"நேத்துதான். மேடையில ஆணி குத்திடுச்சி."

வாயில் வந்தது அதுதான். பகடை என்றால் விளையாட்டைச் சொல்ல வேண்டும், விளையாட்டைச் சொன்னால் வலி தெரியாமல் இரண்டு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆணி என்றால் அதோடு முடிந்தது.

முடியவில்லை. திண்டிவனத்தில் கிளினிக்கில் கேட்டபோதும் செல்வி பக்கத்தில் இருந்ததால் அதையே சொன்னேன். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. அங்கே ஒரு சீட்டில், ஆணி குத்தியது, ஒரு நாள் என்று எழுதி, உடனே விழுப்புரத்துக்குப் போகச் சொன்னார்கள். பெருமுக்கலில் இருந்து செல்வியின் தம்பி சேகர் மல்லாட்டை பிடுங்குவதைப் பாதியில் விட்டுவிட்டுக் கார் பிடித்துக்கொண்டு வந்தான். காரில் செல்வி என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புடவையில் சீழ் பட்டது. அவள் துடைக்கவில்லை.

விழுப்புரத்துப் பெரிய மருத்துவமனையில் அந்தச் சீட்டு எனக்கு முன்னால் நடந்தது. அவசரப் பிரிவில் ஒருவர் படித்துவிட்டு என் காலைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். "ஒரே நாள்லயா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். எக்ஸ்ரே எடுத்தவர், "நேத்து குத்தினதா?" என்றார். அதற்கும் ஆட்டினேன். எக்ஸ்ரே வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பழக்கத்தில் போனை எடுத்தேன். விளையாட்டு விட்ட இடத்தில் நின்றது. இரண்டு கதவு. அணைத்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வார்டில் அறுவைச் சிகிச்சை டாக்டரம்மா வந்தார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், வேகமாகப் பேசுவார். பேனாவால் என் காலில் சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். சிவப்பு கோட்டைத் தாண்டினால் கிருமி ஏறுகிறது என்று அர்த்தம். தாண்டாவிட்டால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். சீழைப் பஞ்சில் எடுத்து கல்ச்சர் என்று அனுப்பினார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்ப்பது அது. பதில் வர மூன்று நாள் ஆகும்.

பிறகு மீன் பிடிக்கும் நரம்பு போல ஒரு நைலான் நூலை எடுத்தார். "கண்ண மூடிக்கோங்க ஐயா. இதால பாதத்துல தொடுவேன். தெரியும்போது தெரியுதுன்னு சொல்லுங்க."

மூடினேன். முழுதாக மூடவில்லை. இமையைக் கொஞ்சம் விட்டு வைத்தேன். நூல் கீழே இறங்கும்போதெல்லாம் "தெரியுது" என்றேன். எட்டிப் பார்த்தே பழகியவன். அதைப் பரீட்சை என்று நினைத்தேன், பாஸாக வேண்டும் என்று நினைத்தேன். டாக்டரம்மா சீட்டில் உணர்ச்சி நன்றாக உள்ளது என்று எழுதினார். எனக்கு உள்ளுக்குள் சின்னச் சந்தோஷம்கூட வந்தது.

அன்று இரவு ஊசி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. செல்வி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் சேகர் வீட்டிலிருந்து கேப்பைக் கஞ்சி கொண்டு வந்தான். எனக்கு இறங்கவில்லை, காய்ச்சல் விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் திருவெண்ணெய்நல்லூர்க்காரர் ஒருவர், கரும்புத் தோட்டக்காரர், வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. என்னைவிடக் கலகலப்பாக இருந்தார்.

"ஒரே ஒரு பேஜாருதாங்க" என்றார். "செருப்புக் கடையில ஒத்தச் செருப்பு தர மாட்டேங்கறான். ஜோடியா வாங்கிக்கினு போயி ஒன்ன எடது கால் போனவன் எவனாச்சும் இருந்தா குடுங்கறான்." என் காலைப் பார்த்துவிட்டு, "உங்களுது எடதா?" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். சேகர் மட்டும் சிரித்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு டாக்டரம்மா வந்து கோட்டைக் குனிந்து பார்த்தார். சிவப்பு கோட்டிலேயே நின்றது. அவர் முகம் தெளியவில்லை.

"எனக்குக் கணக்கு ஒத்து வரலம்மா" என்று செல்வியிடம் சொன்னார். "கோடு தாண்டல. எக்ஸ்ரேல சதைக்குள்ள, வேகமான கிருமி விடற காத்து தெரியல. ஆனா ஆணி குத்தி ஒரே நாள்ல ரெண்டு விரல் கறுத்திருக்கு, கணுக்கால் வரைக்கும் வந்திருக்கு. அது ஓடற கிருமியா இருந்தா, வெளியில நிக்கிற மாதிரி இருக்கும், உள்ள ஓடிக்கிட்டே இருக்கும். ஆளையே கொண்டு போயிடும். பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன். முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம்ங்கறார். இன்னைக்கே."

"வேற வழி இல்லிங்களா?" என்றான் சேகர்.

"பழைய புண்ணா இருந்தா விரலை மட்டும் எடுத்து, சுத்தம் பண்ணிப் பாக்கலாம். உணர்ச்சி இல்லாத காலா இருந்தா கவனிக்காம விட்டிருப்பார்னு நினைக்கலாம். இவருக்கு உணர்ச்சி நல்லா இருக்கு. குத்தின அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அப்ப ஒரு நாள்தான். ரிஸ்க் எடுக்க முடியாது."

ஒப்புதல் படிவத்தைச் சேகர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று போனார்.

நான் என்ன நினைத்தேன் என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எதிர்க் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள். கால் போவதைவிட, பகடை என்று சொல்வது எனக்குப் பெரிதாக இருந்தது. எங்கேயாவது ஓர் அடையாளம் வைத்திருந்தால் வெள்ளிக்கிழமை காலைக்குப் போய், செல்வி கேட்டபோது வேறு பதில் சொல்லலாமே என்றுகூட நினைத்தேன்.

நாலு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். காதர் பாய் ஆப்பிள் பையோடு வந்தார்.

"இன்னாண்ணே, இப்படி வந்து படுத்துக்கினீங்க? ஜல்தி எழுந்து வாங்க. மேடையில புது ஆளு ஒருத்தன் உக்காந்துக்கினு என் லாரிய முக்கா மணி நேரம் நிக்க வச்சிட்டான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்க வைக்கத்தானோ என்னவோ, சட்டைப் பையிலிருந்து இரண்டு சின்னப் பகடைகளை எடுத்துப் போர்வைமேல் வைத்தார். "இந்தாங்க. பத்துப் பதினஞ்சு நாளைக்கு முன்ன டைஸு காணோம்னு போன்ல அப்படி அழுதீங்களே. ஒன்னு போனா ஒன்னு இருக்கட்டும்னு ரெண்டா வாங்கியாந்தேன்."

"இன்னா டைஸு?" என்றாள் செல்வி.

காதர் பாய் என்னைப் பார்த்தார். தான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்குப் புரிந்தது. "ஒன்னுமில்லம்மா. சும்மா டைம் பாஸுக்கு" என்று பையிலிருந்த ஆப்பிளை எடுக்க ஆரம்பித்தார். செல்வியும் விட்டுவிட்டாள். அவளுக்கு அப்போது பகடை ஒரு பொருட்டா?

டாக்டரம்மா வந்துவிட்டார். "கையெழுத்து ஆச்சாம்மா?"

சேகர் பேனாவை அக்காவிடம் கொடுத்தான். செல்வி படிவத்தை என் வயிற்றின்மேல் வைத்து அழுத்தி எழுதினாள். எப்போதும் மெதுவாகத்தான் எழுதுவாள். செ வந்தது. ல் வந்தது.

"முந்தா நேத்து குத்தினது இல்லிங்க டாக்டர்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்ன சொல்றீங்க?" என்றார்.

"ஆணி இல்லிங்க. பத்து நாளு ஆச்சி."

இந்த முறை கத்திவிட்டேன் போலிருக்கிறது. வார்டு முழுதும் திரும்பியது. செல்வியின் பேனா நின்றது. பார்த்துப் பேசினால் வராது என்று போர்வையில் கிடந்த பகடைகளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டு, காவல்காரன், மேசைக்கு அடியில் ஷூ, திங்கள் சாயங்காலம் முதல் புதன் மத்தியானம் வரை அதை மிதித்துக்கொண்டு நடந்தது, மஞ்சள், பிளாஸ்டர்.

"யா அல்லா" என்றார் காதர் பாய். "ஷூவுக்குள்ளயா இருந்துது?"

"மாமா, ஒரு லூடோ காய்க்கா கால எடுக்கப் பாத்தீங்க?" என்றான் சேகர். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கூட.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது தெரிந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "அப்ப நேத்து நூல் வச்சு தொட்டப்போ எல்லா இடத்துலயும் தெரியுதுன்னீங்களே?"

"பாத்தேங்க."

"என்ன பாத்தீங்க?"

"கண்ண முழுசா மூடலிங்க. நூலு எங்க எறங்குதுன்னு பாத்து பாத்து சொன்னேன்."

அவர் பையில் இருந்து நூலை எடுத்தார். செல்வி கேட்காமலே தன் தோளில் கிடந்த துண்டை என் கண்ணில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகக் கட்டினாள். காது மடியும் அளவுக்கு இறுக்கினாள்.

நான் காத்திருந்தேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். ரொம்ப நேரமானதால், தயங்கிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்து, "ஆரம்பிங்க டாக்டர்" என்றேன்.

"முடிச்சிட்டேன் ஐயா" என்றார். "ரெண்டு கால்லயும் பத்துப் பத்து இடம்."

துண்டை அவிழ்த்தார்கள். செல்வி கால்மாட்டில் நின்று என் வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனி வெளுக்கும்படி பிடித்திருந்தாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"எத்தினி மாசமா?" என்று கேட்டாள்.

"நாலஞ்சு."

"டைஸு ஆடினத சொல்ல வேணாம். வெக்கமா இருந்துது, சரி. கால் தெரியலன்றத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா வெக்கம்?"

இதற்கு நியூரோபதி என்று பெயர் என்று டாக்டரம்மா பிறகு விளக்கினார். வருடக்கணக்காகச் சர்க்கரை கூடியிருந்தால் கால் நரம்புகள் செத்துவிடும். வலிதான் காலுக்குக் காவல். காவல் போய்விட்டால் கல்லும் முள்ளும் உள்ளே வந்தாலும் சேதி வராது.

அவர் சீட்டில் ஒரு நாள் என்பதை அடித்துவிட்டுப் பத்து நாள் என்று எழுதினார். உணர்ச்சி நன்றாக உள்ளது என்பதையும் அடித்தார். உடனே டாப்ளர் எடுக்க அனுப்பினார். காலில் ஒரு குழாயை வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும். சர், சர் என்று கேட்டது. ரத்தம் ஓடுகிறது, அதனால் வெட்டிய இடம் ஆற வாய்ப்பு இருக்கிறது என்றார் அங்கே இருந்தவர். திரும்பி வந்தபோது பெரிய டாக்டரிடம் போனில் பேசி முடித்திருந்தார் டாக்டரம்மா.

"பத்து நாள்னா மெதுவா வந்த புண்ணு, எனக்கு ஒரு ராத்திரி கிடைக்குது" என்றார். "காலைல விரல் பக்கம் திறக்கறேன். கறுப்பு அங்கேயே நின்னுருந்தா அதோட முடிச்சிடலாம். எலும்பு வழியா மேல போயிருந்தா, மேசையிலயே முழங்காலுக்குக் கீழ எடுத்துடுவேன். எழுப்பிக் கேக்க மாட்டேன். அதுக்கும் சேத்துக் கையெழுத்து வேணும்."

புதுப் படிவம் வந்தது. முதலில் நான் போட்டேன். பிறகு செல்வி முழுப் பெயரையும் எழுதினாள். காதர் பாய் பகடைகளை எடுத்து மறுபடியும் பையில் போட்டுக்கொண்டு, "வெளிய வந்து வாங்கிக்குங்கண்ணே" என்றார். போகும்போது ஆப்பிளையும் கொண்டு போய்ப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்துவிட்டார், சர்க்கரைக்காரருக்கு எதற்கு என்று. அவருக்கும் சர்க்கரைதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போனார்கள். இடது காலில் கடைசி இரண்டு விரல்களையும் அதற்குப் பின்னால் கொஞ்சம் சதையையும் எடுத்தார்கள். எலும்பு சுத்தமாக இருந்தது. பதினோரு மணிக்கு வார்டுக்குத் திரும்பினேன். பாதம் இருந்தது. செல்வி அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடித்திருக்கிறேன் என்று வாயால் சொன்னாள்.